அப்பம் சுட்ட நாள்

வானொலி நிலையத்துக்குள் நுழைந்ததும் அர்விட் நைகார்டு காரியத்தைச் சொல்லிவிடவில்லை. அந்தப் பக்கத்துச் சமவெளிக்காரர்களுக்கு அது வராது. வீடு பற்றி எரிந்தாலும் முதலில் மழையைப் பற்றி நாலு வார்த்தை பேசியாக வேண்டும். கேக்குத் தட்டை மேசையில் வைத்தார். சோயா விளைச்சலை விசாரித்தார்.

'நம் மாநிலத்தில் இதே நாள்' நிகழ்ச்சியின் குரலான பர்டிக், உப்பு கேட்டாலும் சட்டசபையைத் திறந்து வைப்பது போலக் கேட்பவர். "லவோன் அம்மா எப்படி இருக்காங்க?" என்றார்.

"அப்படியேதான்."

அர்விட்டின் மனைவி லவோன் சாப்பிடுவதை நிறுத்தி மூன்று நாள் ஆகிறது. தாதி அவள் தலையணை அருகே ரேடியோவை வைத்திருக்கிறாள். ஒவ்வொரு வருடமும் இந்தத் தேதியில் மகன் டேலின் பெயர் நிகழ்ச்சியில் வருமென்று காத்திருப்பவள். இனி ஒரு வருடம் அவளுக்கு இல்லை.

வருவது என்னவோ அப்பம்தான். எப்போதோ ஓர் ஆளுநர், மாட்டுக்கொட்டகை அகலத்துக்குச் சுட்ட அப்பத்தில் முதல் துண்டைத் தின்ற நாள். அதே தேதியில் தானியக் களஞ்சியம் வெடித்து டேலும் இன்னும் இரண்டு பையன்களும் செத்தது வரலாற்றில் ஏறவில்லை.

எழுந்து, கதவுவரை போய், அங்கேதான் அர்விட்டுக்கு வாய் திறந்தது.

"தம்பி, இந்த வருஷம் நம்ம டேல் பேரை ஒரு வார்த்தை..."

"பெரியவரே, நிகழ்ச்சிக்குப் பணம் கொடுக்கறதே அந்தக் களஞ்சியக்காரங்கதான். தெரியாத மாதிரி கேக்குறீங்களே."

"தெரியும். லவோன் கேட்டுக்கிட்டிருக்கா."

"அப்பம்னா ஜனங்களுக்கு ஒரு சந்தோஷம். உக்காந்து கேட்டுட்டுப் போங்க. மூச்சுச் சத்தம் மட்டும் வரக்கூடாது."

சிவப்பு விளக்கு எரிந்தது. பர்டிக்கின் குரல் அடிவயிற்றுக்கு இறங்கியது. அவர் வர்ணனையில் வெண்ணெய் உருகியது, வாத்தியம் முழங்கியது, ஆளுநர் முள்கரண்டியை உயர்த்தினார். முதல் கடிக்கு முன்னால் பர்டிக் ஒரு மௌனம் விடுவார். மாநிலம் முழுக்கப் பேர்போன மௌனம்.

அதற்குள் அர்விட் ஒலிவாங்கிப் பக்கம் குனிந்துவிட்டார்.

"மன்னிக்கணும், குறுக்க பேசுறேன்" என்றார். "டேல் எமில் நைகார்டு."

சொன்ன பிறகுதான் மூச்சு வாங்கியது. பர்டிக்கின் விரல் ஒலிவாங்கியை அணைக்கும் பொத்தான்மேல் போய் நின்றது. அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அர்விட் டேலோடு செத்தவர்களில் அடுத்த பையனின் பெயரைத் தொடங்கினார்.