ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

தொண்ணூற்றெட்டில் மர்பி டவுனில் அரசு தொடங்கிய இலவசக் கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் பாதிப் பேர்கூட வரவில்லை. "இந்தக் காலத்துப் பசங்களுக்கு அக்கறையே இல்ல, மூடிடலாம்" என்றார் மேலதிகாரி. பயிற்சியைக் கவனித்துவந்த பிரிஜெட்டுக்கு மனசு கேட்கவில்லை. சேர்ந்த வாரமே நின்றுபோன மரகதத்தைத் தேடி அவள் வீட்டுக்கே போனாள்.

"ஏம்மா வரலை?"

"பகல்ல கார்மெண்ட்ஸ் வேலை மேடம். லீவு போட்டா வேலையே போயிடும். ஞாயித்துக்கிழமைல வெச்சா ஓடி வந்துடுவேன். என்கூட வேலை செய்றவங்களும் வருவாங்க."

மறுநாள் பிரிஜெட் அதை அப்படியே மேலதிகாரியிடம் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை யாரும்மா வந்து திறக்கிறது?"

"நான் திறக்கிறேன் சார். சர்ச்லேர்ந்து நேரா வந்துடுறேன். ஒரு மாசம் பாப்போம்."

அவர் அரைமனதாகச் சம்மதித்தார். முதல் வகுப்புக்கே கூட்டம் தாங்கவில்லை. பக்கத்துப் பள்ளியில் பெஞ்சு இரவல் வாங்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு, எல்லா மையங்களிலும் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தனி வகுப்பு நடத்தும்படி உத்தரவே வந்தது.

பயிற்சியை முடித்த மரகதத்துக்கு ஓர் அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலை கிடைத்தது. "இனிமே ஞாயித்துக்கிழமை நல்லாத் தூங்குவேன் மேடம்" என்றாள். பிரிஜெட் சிரித்துக்கொண்டே அடுத்த பேட்ச் மாணவர்களுக்காகக் கதவைத் திறந்தாள்.