இளஞ்சிவப்பு வரும்வரை

எஞ்சின் பெட்டிக்குள் தலைகுப்புறக் கிடந்தாள் ஹெல்வி. வெளியே தெரிந்தது அவளுடைய ரப்பர் பூட்ஸ் மட்டும்தான். கரையேற்றிய படகின் மேல்தட்டில், வலது கையில் மாவுக்கட்டோடு அவள் கணவன் ஆவுலிஸ், எல்லா வேலையையும் வாயாலேயே செய்துகொண்டிருந்தான்.

"அடியில பித்தளைத் திருகு இருக்கும். அதக் கழட்டு."

"கழட்டியாச்சு. சொட்டுக்கூட வரல."

"அப்ப காலி. மூடு."

இரவு உறைபனி கடுமையாக இருக்கும் என்று வானொலி சொல்லியிருந்தது. உள்ளே தங்கும் கடல்நீர் உறைந்தால் எஞ்சினைப் பிளந்துவிடும். பிளந்தால் வசந்தத்தில் வலை போட முடியாது. படகையும் விற்றுவிட்டுத் தீவைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

ஹெல்வி மூடவில்லை. "கோடை முழுக்கக் கடலக் குடிச்ச எஞ்சின் சொட்டுக்கூட விடாதாம்! உன்ன மாதிரி கஞ்சனா இது?" என்றபடி, கோட்டுப் பையிலிருந்த பின்னல் ஊசியைத் துளைக்குள் விட்டுக் குடைந்தாள். துருக்கட்டி உடைந்தது. பழுப்புத் தண்ணீர் பீறிட்டு அவள் முகத்திலேயே அடித்தது.

"என்னடி ஆச்சு?"

"உன் காலி எஞ்சின் என்னக் குளிப்பாட்டுது!"

ஆவுலிஸ் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான். "அந்த ஊசியாலதான என் காலுறையப் பின்னுற?" என்றான்.

"இனிமே துரு வாசத்தோட போட்டுக்க."

நீர் வடிந்ததும் திருகை முடுக்கி, உறையாத இளஞ்சிவப்புத் திரவம் நிறைந்த வாளிக்குள், எஞ்சின் கடல்நீரை உறிஞ்சும் குழாயைப் போட்டாள். அவன் இடது கையால் சாவியைத் திருப்பினான். எஞ்சின் இருமியது, பிறகு ஓடியது. படகின் பின்னால் பனியில் முதலில் கலங்கல் நீர் விழுந்தது. அப்புறம், உள்ளே கடல்நீர் தீர்ந்ததற்கு அடையாளமாக, இளஞ்சிவப்பாக ஒழுகியது.

"வந்திருச்சு, ஹெல்வி! வந்திருச்சு!" மாவுக்கட்டைத் தூக்கிக்கொண்டு கத்தினான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வசந்தத்தில் வலை போடலாம்.

இருட்டுவதற்குள் எஞ்சின்மேல் தங்கள் பழைய படுக்கைப் போர்வையைப் போர்த்தி, படகைத் தார்ப்பாயால் மூடிக் கட்டினார்கள். பனி கொட்டத் தொடங்கியது.

பக்கத்திலேயே படகுத்துறைக்காரரின் பெரிய கொட்டகை. நகரத்துக்காரர் ஒருவரின் வெள்ளை உல்லாசப் படகு உள்ளே நின்றது. போன மாதம் கணக்கில் எழுதாமல் கையில் தரும் கூலிக்கு அதை உள்ளே தள்ளும்போதுதான் ஆவுலிஸின் மணிக்கட்டு நசுங்கியது. அந்தப் படகுக்கு விடிய விடிய வெப்பக்காற்று ஊதிக்கொண்டிருக்கும்.

கொட்டகைக் கதவிடுக்கில் கசிந்த வெப்பக்காற்றில் தன் இடது கையைக் கொஞ்சம் சூடேற்றிக்கொண்டு, ஆவுலிஸ் வீட்டுக்கு நடந்தான்.