கவிழ்த்தும் விழாத தண்ணீர்

கண்ணாடிப் புட்டியைக் கவிழ்த்தேன். உள்ளே இருந்தது சளக்கென்று என் கையிலேயே கொட்டியது. அந்த வாரத்தில் அது பதினேழாவது தடவை.

போன வருடம் இதே புதுக்கோட்டைக் கல்லூரி ஆய்வகத்தில், நானே தயாரித்த இதே பொடியைத் தண்ணீரில் சூடாக்கிக் கரைத்து ஆறவிட்டால் பத்தே நிமிடத்தில் ஜெல்லாக நின்றது. கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. அதற்கு ஒரு தங்கச்சி மூலக்கூறும் செய்திருந்தேன். எல்லாம் அச்சாக அதேதான், மூலக்கூறிலிருந்து கைபோல நீளும் பகுதி மட்டும் ஒரு கார்பன் அணு குட்டை. அது நிற்கவே இல்லை. ஒரே ஒரு கார்பனில் இவ்வளவு இருக்கிறதா என்று வாயைப் பிளந்து கட்டுரை எழுதினேன். என் பிஎச்.டி. பட்டமே அதை நம்பித்தான். இப்போது வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று, 'எங்களுக்கு நிற்கவில்லை' என்று கட்டுரை வந்த பத்திரிகைக்கு எழுதிவிட்டது. மாதக் கடைசிக்குள் நான் நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டுரையும் போச்சு, பட்டமும் போச்சு.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆய்வக உதவியாளர் செங்கமலம் அக்காதான் அகப்பட்டார்.

"புட்டிய ஒழுங்காக் கழுவுங்கன்னு எத்தன தடவ சொல்றதுக்கா?"

அவர் எல்லாவற்றையும் மறுபடி கழுவினார். மூன்றாம் நாள் காலையில் திருவரங்குளத்து பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார்.

"பாப்பா, புட்டி மேல பழி போடாத. போன வருஷம் டிஸ்டில்டு வாட்டர் மெஷினு ரிப்பேராக் கெடந்துச்சுல்ல? கேன் காலியா இருந்தா ஏசுவீங்கன்னு நம்ம போர் தண்ணியத்தான் ரொப்பி வச்சேன். எல்லாம் தண்ணிதானேன்னு நெனச்சுட்டேன். வெளிய தெரிஞ்சா என் வேல போயிரும்."

எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, வாளி அடியில் வெள்ளையாகப் படியும். அவ்வளவும் கால்சியம்!

குழாய்க்கு ஓடினேன். நீளக் கை அக்கா பொடி, குட்டைக் கை தங்கச்சி பொடி இரண்டையும் போர் தண்ணீரில் கரைத்து ஆறவிட்டேன். பத்து நிமிடம் கழித்துக் கவிழ்த்தால் தங்கச்சி பொடி கொட்டியது, அக்கா பொடி நின்றது. சுத்தமான தண்ணீரில் அக்கா பொடியோடு துளி கால்சியம் உப்பைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் நின்றது.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நூறில் ஒரு பங்குதான் என் பொடி, மீதி தொண்ணூற்றொன்பதும் வெறும் தண்ணீர். யாரும் ஏவாமல் அந்த மூலக்கூறுகள் தாமே வரிசை கட்டி இழையாகின்றன. இழைகள் பக்கத்து இழையை நோக்கிக் கை நீட்டுகின்றன. நடுவில் ஒரு கால்சியம் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்கிறது. தங்கச்சிக்குக் கை எட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்குக் கும்பிடத் தோன்றியது. அக்கம்பக்கம் பார்க்காமல் கும்பிட்டும் விட்டேன்.

மத்தியானமே பத்திரிகைக்கு எழுதினேன். ஜெல் நின்றது உண்மை. ஆனால் கை நீளம் மட்டும் காரணமில்லை, தண்ணீரில் கால்சியம் இருந்தது. தண்ணீரைச் சோதிக்காதது என் பிழை, கட்டுரையை நானே திரும்பப் பெறுகிறேன்.

"என் பேரு அதுல இருக்கா பாப்பா?" என்று மெல்லக் கேட்டார் செங்கமலம் அக்கா.

"இல்லக்கா. கேன்ல என்ன இருக்குன்னு பாக்க வேண்டியது நான்."

"அப்ப ஒன் பட்டம்?"

"எல்லாத்தையும் மறுபடி செஞ்சு எழுதணும். இன்னும் ஒரு வருஷம் ஆகும்."

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நான் செஞ்ச தப்புக்கு ஒனக்கா ஒரு வருஷம் போகணும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேனில் சுத்தமான தண்ணீர் இருந்திருந்தால் முதல் நாளே ஜெல் நிற்காமல் கொட்டியிருக்கும். என் குணத்துக்கு, வைதுகொண்டே அந்தப் பொடியைக் குப்பையில் போட்டிருப்பேன்.

"அக்கா, நீங்க சரியா வேல பாத்திருந்தா இப்பிடி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காதுக்கா" என்றேன்.