மிளகு சாப்பிடாத காரணம்

அந்தப் புதன்கிழமை காலை பத்தரைக்கு கால்நடை மருத்துவமனைக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். கதவை ஒட்டிய இரும்பு நாற்காலியில் நான். எனக்கு இடப்புறம், காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி நிர்மலா. எதிரே, எடை பார்க்கும் மேடைக்குப் பக்கத்தில், பக் நாயோடு பசம்மா என்ற அம்மாள். மேசைக்குப் பின்னால் சீட்டு எழுதும் பசவராஜ். மிளகு உள்ளே மயக்கத்தில் கிடந்தது.

மிளகு ஒரு கறுப்புப் பூனை. எங்களுடையது அல்ல. என் அண்ணன் மகள் மோகனப்ரியா எங்கள் வீட்டில் தங்கி ஹெப்பாள் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போன நாட்களில், கம்பெனி பஸ் நிற்கும் இடத்திலிருந்து எடுத்து வந்தது. ஜூன் முதல் வாரம் அவள் துணை ராணுவப் பயிற்சிக்கு ராஜஸ்தான் போனாள். முகாமில் முதல் மூன்று மாதம் கைபேசி கிடையாது, கடிதம்தான். புறப்படும்போது, "மிளகுக்கு எதுன்னாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் செய்யோணும் சித்தப்பா" என்றாள். சரி என்றேன்.

அவள் போன இரண்டாம் வாரமே மிளகு சாப்பாட்டைக் குறைத்தது. தட்டருகே வரும், முகர்ந்து பார்க்கும், ஒரு வாய் எடுத்ததும் சீறிக்கொண்டு ஓடிப்போய் வாசற்கதவருகே உட்கார்ந்துகொள்ளும். ஏக்கம் என்று முடிவு கட்டினோம். அவளுடைய பழைய துப்பட்டாவைக் கூடையில் விரித்தோம். கைபேசியில் இருந்த அவள் குரலைப் போட்டுக் காட்டினோம். நானும் வாரம் தவறாமல் எழுதினேன்: 'திங்கள், அரைக் கரண்டி. செவ்வாய், ஒன்றுமில்லை, கதவையே பார்த்திருந்தது.' அதற்கு அவளிடமிருந்து வந்த பதிலை நிர்மலா இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். 'மிளகு இப்படியே இருந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் சித்தப்பா. இந்த மாதம் முடிவதற்குள் விலகினால் கேள்வி கிடையாது.' மூன்று வருடம் விடிகாலையில் ஓடிப் பழகி வாங்கிய வேலை அது.

எச்சிலில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் பக்கத்துக் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் வாயைத் திறந்து பார்த்து உடனே மூடினார். நாய் பூனைப் பல்லுக்கென்றே தனியாகப் படித்த டாக்டர் உமேஷ் மாதத்தில் இரண்டு புதன் பெங்களூரிலிருந்து வருகிறார், அவரிடம் காட்டுங்கள் என்றார்.

பதினொன்றே கால் மணிக்கு அந்த டாக்டர் உமேஷ் கையுறையோடு வெளியே வந்தார்.

"லிங்கப்பன் சார், எக்ஸ்ரே பார்த்துட்டேன். ஈறு முழுக்கப் புண்ணு. பின்பல் எல்லாம் வேரே அரிச்சுப் போச்சு. அதை எடுக்கணும்னு முன்னாடியே பேசினோம். ஆனா கோரைப் பல் நாலும் அதே கதை. எல்லாத்தையும் எடுத்துடலாம்."

"எல்லாம்னா?"

"ஒண்ணு விடாம."

நிர்மலா எழுந்தே விட்டாள். "பல்லே இல்லாத பூனைங்களா!"

"வலி இல்லாத பூனைம்மா. இப்ப ஒவ்வொரு வாயும் அதுக்கு முள்ளு. பூனை மெல்றது கம்மி, முழுங்கறதுதான் ஜாஸ்தி. இன்னைக்கு எழுப்பிட்டா மறுபடி மயக்கம் கொடுக்கணும். இவ்வளவு இளைச்ச உடம்புக்கு அது நல்லதில்ல. பத்து நிமிஷத்துல சொல்லுங்க."

அவசரத்துக்கென்று மோகனப்ரியா கொடுத்திருந்த முகாம் அலுவலக எண்ணை அழைத்தேன். எனக்குத் தெரிந்த ஹிந்தி நான் வேலை பார்க்கும் கிடங்குக்கு வரும் லாரி டிரைவர்களிடம் கற்றது. எதிர்முனைக் குரல், யார் இறந்துவிட்டார்கள் என்று கேட்டது. யாரும் இறக்கவில்லை, பூனைக்குப் பல் என்றேன். இணைப்பு அறுந்தது.

"என்னுங்க சொன்னாங்க?"

"வெச்சுட்டான்."

"பூனைன்னு எதுக்குச் சொன்னீங்க? சித்திக்கு வாய் வலின்னு சொல்லியிருந்தா கூப்புட்டு உட்டிருப்பான்."

"உனக்கு வாய் வலின்னா யாரு புள்ள நம்புவாங்க?"

பசம்மா சிரித்துவிட்டார். நாயின் தலையைத் தடவிக்கொண்டே கன்னடம் கலந்து சொன்னார்: "எங்க ராஜாவுக்கு எட்டு ஹல்லு எடுத்தாச்சு சார். ஈக நோடி, இப்பப் பாருங்க, என் பங்கு சப்பாத்தியும் அவனே தின்றான். சும்மா சைன் மாடி."

"நாய் வேறம்மா, பூனை வேற" என்றாள் நிர்மலா.

"பூனைக்கென்ன, முத்துப் பல்லா?"

உட்கார முடியவில்லை. கதவிலிருந்து மேடைக்கு ஒன்பது அடி. போனேன், வந்தேன், போனேன்.

"சார், அது நாய்களுக்கு" என்றான் பசவராஜ். பார்த்தால் எடை மேடை மேல் நின்றுகொண்டிருக்கிறேன். "அறுபத்தெட்டு கிலோ. கொஞ்சம் குறைக்கணும்."

கேட்காமல் செய்தால் அவள் என்னோடு பேச மாட்டாள். செய்யாமல் விட்டால் அது பட்டினி கிடக்கும், அவள் வேலையை உதறிவிட்டு வந்து நிற்பாள். ஆனால் அந்தக் கூடத்தில் என்னைக் குடைந்தது இரண்டுமில்லை. ஐந்து வாரமாக ஒரு ஜீவன் வலியில் சீறியதை நான் ஏக்கம், ஏக்கம் என்று தேதி போட்டு எழுதியிருக்கிறேன்.

படிவத்தை வாங்கினேன். 'உரிமையாளர்' என்று அச்சிட்டிருந்ததை அடித்துவிட்டு, 'உரிமையாளருக்காக, சித்தப்பா' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

வியாழனும் வெள்ளியும் ஊசிக்குழலில் கஞ்சித் தண்ணீரும் வலிமருந்தும். சனிக்கிழமை காலை நிர்மலா மத்தி மீனை வேகவைத்து மசித்து வைத்தாள். மிளகு வந்தது, முகர்ந்தது, தின்றது. சீறவில்லை, ஓடவில்லை. நக்கி நக்கித் தட்டைத் தள்ளிக்கொண்டே போய் அடுப்படிச் சுவரில் முட்டி நின்றது.

"சாப்புடுதுன்னு மட்டும் எழுதுங்க. பல்லுக் கதை வேண்டாம்" என்றாள் நிர்மலா.

"லீவுல வந்து வாயைப் பாத்தா?"

"அன்னைக்கு நீங்க நம்ம ஊரு கௌதள்ளிக்கு ஓடிப் போயிருங்க."

மூன்று தாள் கிழித்தேன். நான்காவதில் எழுதியது இது:

'மிளகு உன்னை நினைத்துச் சாப்பிடாமல் இருக்கவில்லை. பல்வலியில் சாப்பிடவில்லை. நான் இதுவரை எழுதியதெல்லாம் தப்பு. புதனன்று எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டார்கள். உன்னைக் கேட்க முடியவில்லை, நான்தான் சம்மதித்தேன். இன்று ஒரு முழு மீன் தின்றது. நீ வந்தாலும் வராவிட்டாலும் அது சாப்பிடும். வேலையை விடாதே.'

நிர்மலா வாங்கிப் படித்தாள். கடைசிக்கு முந்தின வரியில் விரலை வைத்தாள். "இதைப் படிச்சா அழுவாளுங்க."

"அழுவட்டும். அங்கயே இருந்து அழுவட்டும்."

நிர்மலா பசைப் புட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

அன்று ஜூலை இருபத்தைந்து. அவள் எழுதியிருந்த மாதக் கடைசிக்கு இன்னும் ஆறு நாள். ராஜஸ்தானுக்கு எத்தனை நாள் என்று தபால் அலுவலகத்தில் கேட்டேன். நாலு ஆகலாம், அஞ்சு ஆகலாம் என்றார் சாளரத்துக்குள் இருந்தவர். விரல்விட்டு எண்ணினேன், மறுபடியும் எண்ணினேன். பின்னால் நின்றவர், "சார், கொஞ்சம் பேக மாடி" என்று அவசரப்படுத்தினார். உறையின் ஓரத்தைக் கட்டை விரலால் இன்னொரு முறை அழுத்தி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பக் கொடுத்தேன்.