ஓர் அங்குலச் சதுரம்

முதல் தடவை என் கிளினிக்குக்கு வந்தபோது அவள் கொண்டை போட்டிருந்தாளா, தலையைத் துணியால் மூடியிருந்தாளா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அவள் கணவர் பேசியதெல்லாம் வார்த்தை மாறாமல் காதில் இருக்கிறது. அவள் பேசிய நாலு வரியைத்தான் பிற்பாடு நானே எனக்குத் தோதாகத் திருத்திக்கொண்டேனோ என்று சந்தேகம். பதினெட்டு வருடமாகத் தோலையும் முடியையும் பார்த்துப் பிழைப்பவளுக்கு முகங்கள் கடைசியில்தான் ஞாபகத்துக்கு வரும்.

அவர் வெல்டர். வாடகை வீட்டின் முன்பக்கத்திலேயே சின்னப் பட்டறை. நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“தண்ணிதான் டாக்டர். அந்த போர் தண்ணிக்கு இரும்பே துருப்பிடிக்குது, முடி எம்மாத்திரம்?”

நான் விளக்கை இழுத்து, லென்ஸை வைத்துப் பார்த்தேன். வலது உச்சிக்குச் சற்றுப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு முடி குறைந்திருந்தது. தானாகக் கொட்டிய இடம் வழவழவென்றிருக்கும். இங்கே அரிசி நீளத்தில் ஒன்று, விரற்கடை நீளத்தில் ஒன்று என்று ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் முறிந்து நின்றது. செதில் இல்லை, சிவப்பு இல்லை. இந்த முடி உதிரவில்லை. பிடுங்கப்பட்டிருந்தது.

போன் வந்து அவர் வெளியே போனார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலிருந்தால் சிலர் பேசுவார்கள்.

“கை தானா போயிடுது,” என்றாள். “பிடுங்கினதும் ஒரு நிமிஷம் மனசு லேசாயிடும். அப்புறம் அசிங்கமா இருக்கும். அவர்கிட்ட சொல்லிடாதீங்க மேடம். தண்ணின்னு அவரே சொன்னாரு, நானும் தலையாட்டிட்டேன். இப்ப வீட்டையே மாத்தணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு.”

“பட்டறை?”

“மூடணும். பொண்ணு ஸ்கூலும் மாறும்.”

“நான் சொல்ல மாட்டேன். வீடு மாத்துறதுக்குள்ள நீங்க சொல்லிடுங்க.”

எங்கள் தொழிலில் இதற்கொரு சோதனை உண்டு. குறைந்த இடத்துக்குள் ஓர் அங்குலச் சதுரத்தை மழித்துவிடுவோம். முளைக்கிற முடி விரலுக்குப் பிடிபடும் வரை யாராலும் பிடுங்க முடியாது. சதுரம் மட்டும் சீராக நிறைந்தால் வேரில் நோயில்லை. அவள்தான் ஒப்புக்கொண்டுவிட்டாளே, எனக்கு அது தேவையே இல்லை. அது நிறைவதைக் கண்ணாடியில் பார்த்தால் அவளுக்குத் தைரியம் வரும், வீட்டில் வாயைத் திறப்பாள் என்று கணக்குப் போட்டு மழித்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் குனிந்து பார்த்தார். “என்ன டாக்டர், தலையில பிளாட் போட்டுட்டீங்க. கல்லு நடுறதுதான் பாக்கி.”

அவள் சிரித்தாள். அவர் சொல்வதற்கெல்லாம் சிரித்துப் பழகிய சிரிப்பு. அவர் மேல் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை என்று நினைத்தேன். அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது.

மூன்று வாரம் கழித்து வந்தார்கள். சதுரம் கருகருவென்று, பிரஷ் மாதிரி நிறைந்திருந்தது. சுற்றிலும் முன்னைவிட மோசம். சுற்றியிருந்ததை அவர் பார்க்கவேயில்லை.

“பாத்தீங்களா? குடிபோய் பதினஞ்சு நாள்தான் ஆகுது. புதுத் தண்ணி பட்டதும் முளைச்சிருச்சு. பட்டறையை மூடினது வீண்போகலை.”

அவள் என்னைப் பார்த்தாள். சொல்லியிருக்கவில்லை. இனி எப்படிச் சொல்வாள்? அவருக்கு நானே அத்தாட்சி செய்து கொடுத்திருந்தேன்.

“தண்ணிதானே டாக்டர்?”

தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மட்டுமாவது சொல்லியிருக்கலாம். அடுத்த கேள்வி ‘அப்ப எதனால?’ என்று வரும். அந்தக் கேள்வி அவள் மேல் போய் நிற்கும்.

“வேர் நல்லா இருக்கு,” என்றேன். அதில் பொய் இல்லை.

“அது போதும்,” என்று அவர் எழுந்துகொண்டார்.

முடி பிடிபடும் நீளத்துக்கு வந்ததும் சதுரமும் போயிற்று. அவள் ஒருமுறை தனியாக வந்தாள். மனநல மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தேன். இரண்டு தடவை போய்விட்டு நிறுத்திக்கொண்டாள் என்று அந்த மருத்துவர் சொன்னார். புது வீட்டுத் தண்ணீரும் கெட்டுவிட்டது என்று கணவர் இன்னொரு வீடு மாறினார். இப்போது வேறொருவர் பட்டறையில் கூலிக்கு இருக்கிறார். போன மாதம் கையில் அரிப்பு என்று வந்தபோது வீட்டுக் கதையையெல்லாம் அவர்தான் சொன்னார். நான் களிம்பு எழுதிக்கொடுத்தேன். மகள் மூன்றாவது பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவுக்கு வழுக்கை மறையத் தலை வாரிவிடுவது இப்போது அவள்தானாம்.