கால் பின்னாத வட்டம்

பைனா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது ஜன்னலிலிருந்து அக்கா ட்ரூசி கூப்பிட்டாள்.

"அடியே, அந்தத் துடைப்பத்தைக் கீழ போடு. எனக்கு ஒரு தடவை ஆடிக் காட்டு."

"காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா? சோளக் கஞ்சி குடிச்சியா இல்லையா?"

"பூனை குடிச்சிடுச்சு. ஆடுடி."

ட்ரூசி கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொல்லி ஒரு வாரமாகிறது. இருமி இருமியே உடம்பு பாதியாகிவிட்டது. எதிர்க்கரை ஊரான சார்ல்ஸ்டனிலிருந்து படகில் வந்த டாக்டர் பைனாவைத் தனியே கூப்பிட்டு, இனி அவள் கேட்பதைக் கொடு என்று சொல்லிவிட்டுப் போனார். இறால் கேட்டால் கொடுக்கலாம், வெண்டைக்காய் சூப் கேட்டால் கொடுக்கலாம். இவள் கேட்பது ஆட்டம் அல்லவா!

கறுப்பின மக்கள் வாழ்ந்த அந்தத் தீவில் கால் பின்னினால் ஆட்டம், பின்னாவிட்டால் ஜெபம். ஜெபவீட்டில் பாட்டு சூடு பிடித்தால் எல்லாரும் எழுந்து வட்டமாகச் சுற்றுவார்கள். கை தட்டலாம், தோளைக் குலுக்கலாம், வியர்வை வழிய வழியச் சுற்றலாம். ஆனால் பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரு காலை மறு கால் தாண்டிவிட்டால் போச்சு, அது சாத்தானுடைய வேலை. ட்ரூசியின் கால் சின்ன வயதிலிருந்தே தாண்டிக்கொண்டிருந்தது. அம்மா சிப்பி பொறுக்கப் போனதும் இதே வாசல் மணலில் முழங்காலை உள்ளே மடக்கி, குதிகாலை வெளியே வீசி, சிரித்துக்கொண்டே ஆடுவாள். அம்மா திரும்பி வருவதற்குள் அந்தத் தடங்களைப் பெருக்கி அழிப்பது தங்கையின் வேலை. பெருக்கிப் பெருக்கியே பைனா பெரியவளானாள்.

பிறகு ட்ரூசி நியூயார்க்குக்குப் போனாள். அங்கே அதே ஆட்டம் மேடையேறி, சார்ல்ஸ்டன் என்று பெயரும் வைத்துக்கொண்டு, ஊரையே ஆட்டி வைத்துக்கொண்டிருந்தது. போலீஸ்காரன் முதல் நீதிபதி பெண்டாட்டி வரை முழங்காலைத் தட்டிக்கொண்டு திரிந்தார்களாம். ட்ரூசி வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தாள். சில வருஷத்தில் வேறொரு ஆட்டம் வந்தது, சீமாட்டிகள் அதன் பின்னால் ஓடினார்கள். இவள் இருமலோடு தீவுக்குத் திரும்பினாள். "ஊர்ப் பேரை வெச்ச ஆட்டத்தை ஊர்க்காரி ஆடினா பாவமாம். நல்லாருக்குடி உங்க நியாயம்!" என்று படகை விட்டு இறங்கிய அன்றே சொன்னாள்.

பைனா துடைப்பத்தை விடவில்லை. "யாராவது பாத்துட்டா என்ன பண்றது?"

"பாத்தா பாக்கட்டும்."

"உனக்கென்ன, சொல்லிடுவ. தலைவர் டைட்டஸ் மாமா ஜெபவீட்ல எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்காரு. 'ட்ரூசி அங்க ஆடினது அங்கயே போகட்டும். இனிமே அந்த வீட்டு வாசல்ல கால் பின்னாம இருந்தா, அவளுக்கு நாங்க வந்து வட்டம் சுத்தி அனுப்பறோம்'னு." சொல்லி முடித்த பிறகுதான் பைனா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ட்ரூசி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது.

"செத்தப்புறம் சுத்தற வட்டத்தை நான் எங்கடி பாக்கப் போறேன்? இப்ப ஆடு, இப்ப பாக்கறேன்."

"வட்டம் சுத்தாம பொதைச்சா வழி தெரியாம அலையணும்னு அம்மா சொல்வா."

"நியூயார்க்லயே வழி கண்டுபிடிச்சவ நான்." ட்ரூசி ஜன்னல் கட்டையில் மோவாயை வைத்தாள். "எத்தனை பேருக்குச் சொல்லிக்குடுத்தேன் தெரியுமா? ஒண்ணுக்கும் தாளம் கெடையாது. வண்டி மாட்டுக் காலுங்க. உன் காலு அப்படியில்ல. ஜெபவீட்டுக்கு வெளியில நின்னு, நீ உள்ள சுத்தறதைப் பாத்திருக்கேன். ஆனா நீ ஆடி நான் பாத்ததே இல்லையேடி, பைனா."

ஆசைக்கு வெட்கமில்லை என்பார்கள். பைனாவின் ஆசைக்கு வெட்கமும் இருந்தது, பயமும் இருந்தது. துடைப்பத்தோடு ஓரமாக நின்று பார்த்த அத்தனை நாளும் அவள் கால் செருப்புக்குள்ளேயே துள்ளியிருக்கிறது. அது யாருக்குத் தெரியும்?

"சரி. இரு. பெருக்கிட்டு ஆடறேன்."

"பெருக்காம ஆடினா மண்ணு கோவிச்சுக்குமா?"

"சருகு கெடக்கு. கால்ல குத்தும்."

ஓக் மரத்துச் சருகை எல்லாம் கூட்டித் தள்ளினாள். வேலியோரம் பெருக்கினாள். கோழிக்கூட்டுப் பக்கம் யாரும் பெருக்கச் சொல்லவில்லை, அங்கேயும் போய்ப் பெருக்கினாள். பாதையில் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பெருக்கின இடத்தையே மறுபடியும் பெருக்கினாள். கடைசியில் துடைப்பத்தைச் சுவரில் சாத்தி, செருப்பைக் கழற்றி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சிரிப்பு தாங்காமல் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

"அக்கா, பாக்கறியா?"

ட்ரூசியின் மோவாய் ஜன்னல் கட்டையில் அப்படியே இருந்தது. கண் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கோவமா? அதான் வந்துட்டேனே."

கண் இமைக்கவில்லை. பைனா செருகின பாவாடையை மெதுவாக இறக்கிவிட்டாள்.

மறுநாள் மதியம் தீவே வந்தது. சவப்பெட்டியை இரண்டு நாற்காலிகள் மேல் வாசலில் வைத்திருந்தார்கள். டைட்டஸ் மாமா சுவரோரம் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார். காம்பால் தாளம் தட்டுவதற்கு ஒரு பலகை கொண்டுவரச் சொன்னார். அழுது ஓய்ந்து நின்ற பைனாவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நான் ஜெபவீட்டுத் தலைவரா ஆகறதுக்கு முன்னாடி, உங்க அக்காவுக்கு இந்த வேலி மேல உக்காந்து கை தட்டினவன். என்னா காலு அது!" உடனே தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி, வாம்மா. சுத்தலாம். சொன்ன சொல் தவற மாட்டோம்."

தொம், தொம் என்று காம்பு பலகையில் விழுந்தது. பாட்டு எழும்பியது. பெட்டியைச் சுற்றி வட்டம் நகர ஆரம்பித்தது. பைனாவும் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே போனாள். முதல் சுற்றில் ஜன்னலைப் பார்க்கவில்லை. அடுத்த சுற்றில் பார்த்தாள். கட்டில் காலியாக இருந்தது. தொம், தொம். இதே தாளந்தான். இதைத்தான் வாங்கிக்கொண்டு போய் நியூயார்க்காரர்கள் பைத்தியமாகத் திரிந்தார்கள். அக்கா ஒரே ஒரு தடவை கேட்டாள், நான் கோழிக்கூட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன் என்று பைனா நினைத்தாள்.

மறுபடி ஜன்னலுக்குக் கீழே வந்தபோது அவள் நின்றாள். வலது கால் இடது காலைத் தாண்டியது. முழங்கால் உள்ளே மடங்கியது, குதிகால் வெளியே வீசியது.

"ஐயோ பைனா!" என்று யாரோ கத்தினார்கள்.

பலகையில் சத்தம் நின்றது. பாட்டு நின்றது. கைதட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்து ஓய்ந்தது. பைனா நிற்கவில்லை. தாளம் இல்லாமலே பெட்டியைப் பார்த்தபடி, கண்ணீர் வாய்க்குள் இறங்க இறங்க ஆடினாள்.

"இப்ப பாரு அக்கா," என்றாள்.

அவளாக ஓயும்வரை யாரும் அசையவில்லை. டைட்டஸ் மாமா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்தார்.

"நீ என்ன பண்ணினன்னு தெரியுதா பைனா?"

"தெரியுது மாமா."

"இனிமே ஜெபவீட்ல உனக்கு எடமில்ல."

"தெரியும்."

அதற்கு மேல் வட்டம் சுற்றவில்லை. பெட்டியின் முன்பக்கத்துக்கு டைட்டஸ் மாமாவே தோள் கொடுத்தார். தூக்கியவர்கள் ஜன்னல் ஓரமாக நேரே படலுக்குத் திரும்பினார்கள்.

"அப்படி இல்ல. வேலிப் பக்கமா வாங்க."

"இதுதானே கிட்ட, மாமா?"

"சொன்னா கேளு. அங்க மிதிக்காத."

புதைத்துவிட்டு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. பைனா துடைப்பத்தை எடுத்தாள். தீவுக்காரர்கள் தேய்த்துப் போன தடங்களைப் பெருக்கினாள். நாற்காலிக் கால் அழுந்திய குழிகளைத் தூர்த்தாள். ஜன்னலுக்குக் கீழே, கால் பின்னிய தடங்களுக்குக் கிட்டே வந்ததும் கை நின்றது. தூரத்தில் ஜெபவீட்டு மணி அடித்தது. அவள் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

கூட்டுக்குப் போகிற கோழி ஒன்று அந்தப் பக்கமாக வந்தது. "சூ, தள்ளிப் போ," என்று அதை விரட்டினாள்.