மெடிக்கலுக்கு முந்தின நாள் ஹிஜாமா

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. நாளைக்குச் சென்னையில் குவைத் விசாவுக்கு மெடிக்கல். இன்றைக்கு இடுப்பு நிமிரவில்லை. லாரி ஓட்டுகிறவன் முதுகுவலி என்று வாயைத் திறந்தால் அன்ஃபிட் போட்டுவிடுவார்கள். அதனால்தான் கோட்டக்குப்பத்தில் முதுகில் கப் வைத்து ரத்தம் எடுத்து ஹிஜாமா போடும் ஹுதைஃபாவிடம் போய்க் குப்புறப் படுத்தேன்.

"யாஹ்யா பாய், மெடிக்கல் முடிச்சிட்டு வாங்களேன். கப் வச்ச எடம் கன்னிப் போவும், கீறல் வேற தெரியும். டாக்டர் கேப்பாரு."

"இன்னிக்குப் பிறை பதினேழுப்பா. ஹிஜாமாவுக்கு இதவிட நல்ல நாளு ஏது? ஜல்தி போடு."

கப் ஒவ்வொன்றும் சதையைக் கவ்வி இழுத்தது. எடுத்துவிட்டு, பிளேடால் லேசாகக் கீறி மறுபடி வைத்தான். கருத்த ரத்தம் திரண்டு வந்தது. எழுந்தபோது உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. விடிந்து பார்த்தால் வலி பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

"நானும் வர்றேன்" என்று என் மனைவி அர்ஷியா பர்தாவை மாட்டிக்கொண்டாள். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா அவள்?

சென்னையில் டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னார். வலியை மறைக்கப் போனவன், வலிக்கிற இடத்தையெல்லாம் வட்டம் போட்டு அவருக்குக் காட்டிக்கொண்டு நின்றேன். என்னைப் போல ஒரு கூமுட்டை உண்டா?

"இது எதுக்குப் போட்டீங்க?"

"எங்க மார்க்கத்துல நல்லதுன்னு சும்மாவே போட்டுக்குவோம் சார். வலியெல்லாம் ஒண்ணுமில்ல."

"குனிஞ்சு கால் விரலைத் தொடுங்க."

தொட்டேன். உயிர் போனது. சிரித்த முகமாகவே நிமிர்ந்தும் நின்றேன். ஃபிட் என்று கையெழுத்துப் போட்டார்.

ஊருக்குத் திரும்ப ஈசிஆர் பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாமல் விழுப்புரம் பஸ்ஸில் ஏறினோம். திண்டிவனத்தில் இறங்கி மாற வேண்டும். திண்டிவனம் வந்தது, எனக்கு எழ முடியவில்லை. கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

"என்னங்க, எறங்கலயா?"

"இரு, போன் பாத்துக்கினு இருக்கேன்ல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். "அண்ணா, யாராச்சும் வாங்க. எங்க வூட்டுக்காரருக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சு, எழுந்திரிக்க முடியல."

அவளை அங்கேயே அறையலாம் போல இருந்தது. கண்டக்டரும், மல்லாட்டை மூட்டையோடு வந்த ஒருவரும் அக்குளில் கை கொடுத்து என்னை இறக்கி, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போனார்கள்.

"மானத்த வாங்கிட்டியேடி" என்றேன்.

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

"குவைத்துல நடுரோட்டுல லாரிய நிறுத்திட்டு இதே மாதிரி உக்காந்துக்கினு இருந்தா, உங்கள யாருங்க எறக்குவா?"

நான்தான் ஃபிட்டாயிற்றே என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.